உழவைப் பாடிய பாட்டும் உழவர் பாடிய பாட்டும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் குறுக்குப் பாதையில் விருத்தாசலம் ஒரு பெரிய இரயில் சந்திப்பு. கடலூருக்கும் சேலத்துக்கும் தண்டவாளம் இங்கிருந்துதான் பிரிகிறது. ஊருக்குத் திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பழம் பெயர்கள் உண்டு. ஆனால் குன்றைத் தேடிப் புறப்படுகிறவருக்குக் குன்று அகப்படாது. எங்கும் மண்ணே கண்ணிற்படும். ஒரு புறம் செம்மண் காட்டில் முந்திரியும் மணிலாவும்; மறுபுறம் மணிமுத்தாற்றின் ஓரத்தில் நெல்லும் கரும்பும்; ஊரை ஒட்டிய தொழிற்பேட்டையில் வெண்களியை அரைத்து அச்சில் வார்த்துச் சூளையிலிட்டுப் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் பீங்கான் பட்டறைகள். ஒரே மண் இவ்வூரில் ஒருவருக்குச் சோறாகவும் ஒருவருக்குக் கூலியாகவும் மாறுகிறது.

சென்ற அறுவடைக் காலத்தில் இவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நாம் சென்றிருந்தோம். முற்றமெங்கும் மணிலாக் குவியல். இப்பக்கத்தார் அதனை 'மல்லாட்டை' என்பர். மணிலாக்கொட்டை என்பதே மக்கள் நாவில் உருண்டு உருண்டு மல்லாக்கொட்டையாகி, பின் மல்லாட்டையாயிற்று. குவியலின் ஓரத்தில் ஒரு மூதாட்டி முறத்தில் மண்ணும் தூசும் புடைத்துக் கொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. "ஆயா, பழைய நடவுப் பாட்டு ஒன்று பாடுங்களேன், எழுதிக் கொள்கிறோம்" என்று கேட்டோம். அவர் முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: "பாட்டா? நடவு நட்டாத்தான் தம்பி பாட்டு வரும். சும்மா குந்திக்கினு இருந்தா எங்கேருந்து வரும்?"

இவ்விடை நம்மை விட்டு நீங்கவில்லை. உழவைப் பற்றித் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாட்டு உண்டு என்று மேடைதோறும் பேசுகிறோம். பெருமைக்குரியதுதான். ஆயினும் உழவைப் பார்த்துப் பாடிய பாட்டு ஒன்று. உழுதுகொண்டே பாடிய பாட்டு வேறொன்று. முன்னது ஏட்டில் ஏறிற்று. பின்னது வேலை நின்றதும் தானும் நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் நம் அங்கத்தினர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுதப் புகுந்ததன் காரணம்.

முதலில் ஏட்டில் ஏறாததைச் சொல்வோம். ஏற்றம் இறைப்பதை நேரிற் கண்டவர்கள் இன்று அறுபது வயதைக் கடந்திருப்பர். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே கிணற்று வாயில் நிற்பவர் சாலைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சாய்ப்பார். கால் தவறினால் உயிர் போகும் வேலை. மேலே நடப்பவரின் காலும் கீழே நிற்பவரின் கையும் ஒரே நொடியிற் சேர வேண்டும். அவ்வொற்றுமையைத் தந்தது பாட்டே. பாட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. இத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கைப் பாட்டின் அடிகளே காத்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணைக் கோத்துப் பிள்ளையாரையும் மழையையும் முறைக்காரியையும் இடையிடையே அழைத்துக்கொண்டு போகும் அப்பாட்டில், எந்த அடியில் நிற்கிறோம் என்று தெரிந்தாற்போதும். எவ்வளவு நீர் பாய்ந்தது என்பதும் தெரிந்துவிடும். பங்குக் கிணற்றில் இவர் முறை முடிந்தது, அவர் முறை தொடங்கிற்று என்று தீர்க்கும் பேரேடாகவே அது விளங்கியது. எழுத்தறியாதவர் வைத்திருந்த கணக்குப் புத்தகம் என்றால் நம் சங்கக் காரியதரிசிகள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறோம்.

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. ஏற்றம் இறைப்பவர் ஒருவர் மூங்கில் இலையிற் பனித்துளி தங்கியிருப்பதை ஓரடியிற் பாடினாராம். அடுத்த அடி வருமுன் பொழுது சாய்ந்து வேலை நின்றது. அதனை எப்படி முடிக்கப் போகிறார் என்று கவியரசர் இரவெல்லாம் எண்ணியும் அவருக்குப் பிடிபடவில்லை. விடியலில் திரும்பவும் ஏற்றம் ஓடியபோது, அத்துளியைக் கதிரவன் வாங்கிக்கொள்வதாக அடுத்த அடி வந்தது என்பர். நடந்ததோ நடக்கவில்லையோ, நாட்டு மக்கள் இக்கதையை விடாமற் சொல்லி வந்திருக்கிறார்கள். ஏட்டுப் புலவர் காத்திருக்க, ஏற்றக்காரர் தம் வேலை நேரத்தில் மட்டும் பாடினார் என்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்திருக்கும்.

நடவுப் பாட்டும் அத்தகையதே. குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுதும் நாற்றை ஊன்றும் பெண்டிரில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். வரப்பில் நிற்கும் மேற்பார்வைக்காரரைக் கேலி செய்ய வேண்டுமானால் அதற்கும் பாட்டுத்தான் இடம். நேரே சொன்னால் கூலி போய்விடும். பாட்டிற் சொன்னால் அவரும் சிரித்துக்கொண்டே நகர வேண்டியதுதான். இப்பாட்டுக்கள் அச்சேறியது மிகப் பிற்காலத்தில். பெர்ஸி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டி வைத்தவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. அவர்கள் கையில் அகப்பட்டது சிறிதே. களத்தோடும் கிணற்றோடும் போனது எவ்வளவு என்று யாரும் அளக்க முடியாது.

இனி ஏட்டுக்கு வருவோம். சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாக வகுத்து, வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றனர். ஐங்குறுநூற்றின் ஐந்நூறு பாட்டுக்களில் மருதத்து நூறும் ஓரம்போகியார் பாடியவை. முல்லை நூறு பேயனாருடையவை. மருதப் பாட்டுக்களில் வயல் உண்டு, நண்டு உண்டு, எருமை உண்டு, கரும்பு உண்டு. ஆனால் பாட்டின் கருத்து பெரும்பாலும் பரத்தையிடம் சென்று வந்த தலைவனோடு தலைவி ஊடுவதே. வயல் அங்கே திரைச்சீலை போல நிற்கிறது. அவ்வயலில் உழைத்தவர் யாரென்று கேட்டால் பாட்டு வாய் திறப்பது அரிது. நம் பக்கத்து வறண்ட நிலத்தாருக்கு மலைபடுகடாமே நெருக்கமாகத் தோன்றும். செங்கத்து நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளில் தினையும் வரகும் எள்ளும் அவரையும் விளையும் புன்செய்க் காட்சியை, விளைச்சலின் பருவம் தெரிந்த ஒருவர் வழி நெடுகப் பார்த்துச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். கதிர் எந்நிலையில் நிற்கிறது, காய் எவ்வளவு முற்றியது என்பதெல்லாம் அதில் உண்டு. சும்மா அண்ணாந்து பார்த்தவர்க்கு அது வராது.

புறநானூற்றிலோ பாட்டே காரியமாகிவிடுகிறது. நம் அங்கத்தினர்கள் மூன்று பாட்டுக்களையேனும் அறிந்திருப்பது நலம்.

முதலாவது 35ஆம் பாட்டு. வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் சென்றார். பரிசிலுக்கு அன்று, அவர் நிலத்தின்மேல் பழைய வரிப்பாக்கி நின்றது. அரசனைப் பார்த்து அவர் சொன்னதன் பொருள் இது: முறை வேண்டி வருவோர்க்கு எளியனாய் இரு. உன் தலைமேல் நிற்கும் குடை வெயிலை மறைப்பதற்கு அன்று. துன்புற்ற குடிகளுக்கு நிழல் தருவதற்கு. உன் படை களத்திற் பெற்ற வெற்றியெல்லாம் கொழு உழுத சாலிலே விளைந்த நெல்லின் பயன். மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும். ஆகையால் கோள் சொல்வோர் பேச்சைக் கேளாதே. ஏர் பூட்டுவோரின் குடியைக் காப்பாற்று. பகைவர் தாமே உன் அடி பணிவர். இவ்வளவையும் கெஞ்சாமற் சொல்லியிருக்கிறார். பாட்டின் அடிக்குறிப்பு, அவர் பாடிப் பழஞ் செய்க்கடனை வீடு பெற்றார் என்கிறது. கடன் தள்ளுபடி கோரி எழுதிய மனுக்களில் தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது இதுவாகத்தான் இருக்க வேண்டும். தள்ளுபடியும் கிடைத்தது. ஆனால் கிடைத்தது ஒரு புலவர்க்கு. அண்டை நிலத்தில் அதே பாக்கியோடு நின்ற, பாடத் தெரியாத குடியானவர் என்ன ஆனார் என்பதை அடிக்குறிப்பு சொல்லவில்லை. கூட்டாகக் கேட்கும் வழி அன்றைக்கு இல்லை. 1904இல் திருவூரிலே கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது வரை அவ்வழி பிறக்க எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது 184ஆம் பாட்டு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. ஒரு மாவிற்குக் குறைந்த நிலமானாலும் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக உருட்டிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். நூறு செய் நிலமானாலும் யானையே உள்ளே புகுந்து மேயுமானால் வாயிற் போவதைக் காட்டிலும் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. வரி கொள்ளும் அரசனும் அப்படியே. நெறியறிந்து வாங்கினால் கோடி சேரும், நாடும் செழிக்கும். தரம் அறியாத சுற்றத்தோடு சேர்ந்து ஆரவாரமாகப் பிடுங்கினால் தானும் உண்ணான், நாடும் கெடும். விளைந்த வயலில் யானை புகுந்ததைப் பார்த்தவரே இவ்வுவமையைச் சொல்ல முடியும். காட்டுப் பன்றி புகுந்த மணிலாக் கொல்லையைக் காலையிற் போய்ப் பார்த்த நம்மூரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது 18ஆம் பாட்டு. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர். உணவென்பது நிலமும் நீரும் கூடியது. ஆகவே நீரையும் நிலத்தையும் சேர்த்து வைத்தவரே உலகத்தில் உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் புன்செய் எவ்வளவு பரந்திருந்தாலும் அரசனுக்கு உதவாது. பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு என்கிறார். நம் மாவட்டத்தில் வீராணத்தைப் பார்க்கும்போது இப்பாட்டு நினைவுக்கு வரும். வீரநாராயணன் என்ற பட்டம் பூண்ட முதற் பராந்தக சோழன் காலத்து ஏரி அது. விருத்தாசலத்துக்கு மேற்கே செம்மண் காட்டில் நிற்கும்போதும் இப்பாட்டு நினைவுக்கு வரும். அங்கே வேறு காரணத்தால்.

இது உழவர்க்கு மட்டும் உரிய பத்திரிகை அன்று, நெசவாளர்க்கும் உரியது. எழுதப்படுவதும் பீங்கான் ஊரிலிருந்து. ஆதலின் தறியையும் திகிரியையும் விட்டுவிட இயலாது.

நற்றிணையில் கபிலர் ஓரிடத்தில் மலைமேற் படிந்த மேகத்துக்கு உவமை தேடுகிறார். ஆண் துணையில்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பஞ்சுநூல் போல மேகம் கிடக்கிறது என்கிறார். மேகத்தை வியக்க வந்த இடத்திலே ஒரு கைம்பெண்ணின் பிழைப்பு நுழைந்துவிட்டது. கணவனை இழந்தாள் கையிற் கதிர்தான் இருந்தது என்ற செய்தியைக் கபிலர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புறநானூற்று 326ஆம் பாட்டிலும் ஒரு பருத்திப் பெண் வருகிறாள். இரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிக் கோழி அலறுகிறது. பஞ்சின் செத்தையைக் களைவதற்காக எழுந்த அவள் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அது அமைதி பெறுகிறது. வீரன் ஒருவன் மனையைப் புகழ வந்த பாட்டு அது. நமக்கோ வீரனை விட விளக்கே மனத்தில் நிற்கிறது. ஊர் உறங்கிய பின்னும் அவள் வேலை முடியவில்லை. ஓடம் எறிந்து பாவு முடிக்க வேண்டிய அவசரத்தில் சாமம் வரை விளக்கெரித்த நெசவாளர் வீடுகளை அறிந்தவர்கள் அவ்வொளியை அடையாளம் கண்டுகொள்வர்.

குயவரைச் சங்கப் புலவர்கள் அழைத்த அளவுக்கு வேறு எந்தக் கைவினைஞரையும் அழைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. கோவூர் கிழார், குயவர் வீட்டுச் சிறுவர் சக்கரத்தில் வைத்த பசுமண் போல நாடு சோழன் நினைத்த வடிவம் பெறும் என்கிறார். ஒளவையார் குறுந்தொகையில், சுடாத பச்சைக் கலத்தில் மழைநீரை ஏற்றது போல் என்று தாங்கவொண்ணாத ஆசைக்கு உவமை சொல்கிறார். இதன் அருமை சூளைக்காரருக்கே முழுதும் விளங்கும். நன்றாகக் காய்ந்து கல்போல இருக்கும் பச்சைக் கலம் நெருப்பைக் காணாதவரை நீரில் கரையும். நெருப்பைக் கண்ட பின் கரையாது. விருத்தாசலத்துப் பட்டறையில் இன்றும் அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் காயவைத்த இடத்தில் மழைச் சாரல் படாமற் காக்கிறார்கள். கிள்ளிவளவன் மாய்ந்தபோது ஐயூர் முடவனார் அழைத்தது குயவரைத்தான். இருளே திரண்டாற்போலச் சூளைப் புகை எழும் ஊரின் கலஞ்செய்வோனே, இவ்வரசனைக் கவிக்கும் தாழி செய்ய உலகத்தைச் சக்கரமாகவும் மேருவை மண்ணாகவும் கொண்டாலன்றி உன்னால் முடியுமோ என்று கேட்டார். அதனினும் நெஞ்சைப் பிடிப்பது 256ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை. வண்டியின் ஆரக்காலை ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லி போலக் கணவனோடு பல சுரம் கடந்து வந்த ஒருத்தி, அவனுக்குச் செய்யும் தாழியை எனக்கும் இடமிருக்கும்படி அகலமாகச் செய் என்று குயவரை வேண்டுகிறாள். சோறாக்கும் பானை முதல் முடிவாகக் கிடக்கும் தாழி வரை அவர் கையினது. இவ்வளவு அழைத்தும் அவர் ஒரு சொல் மறுமொழி சொன்னதாக எந்தப் பாட்டிலும் காணோம்.

உழவைத் தனிப் பொருளாகவே எடுத்துப் பாடியவற்றில் திருக்குறளின் 104ஆம் அதிகாரத்தை எல்லாரும் அறிவர், விரிக்க வேண்டா. கம்பர் பெயரால் வழங்கும் 'ஏர் எழுபது' அவ்வளவாக இன்று படிக்கப்படுவதில்லை. இராமாயணம் பாடிய கம்பரே இதனைப் பாடினாரா என்பதில் அறிஞரிடை ஐயம் உண்டு. யார் பாடியிருந்தாலும் ஏர்க்கால் பிடித்த அனுபவத்தை அடுத்திருந்து பார்த்தவர். மேழிக்கு ஒரு செய்யுள், நுகத்தடிக்கு ஒன்று, நுகத்தின் துளைக்கு ஒன்று, அதிற் செருகும் ஆணிக்கு ஒன்று, பூட்டுக் கயிற்றுக்கு ஒன்று, கொழுவுக்கு ஒன்று, தாற்றுக்கோலுக்கு ஒன்று என்று நூல் நகர்கிறது. நுகம் அழுத்தி அழுத்தி எருதின் கழுத்திற் கன்றிப்போன கறைக்கும் ஒரு செய்யுள் உண்டு. அதனைச் சிவபெருமான் கண்டத்துக் கறையோடு வைத்துப் பேசுகிறார். உரோமாபுரியில் வர்ஜில் என்ற பெருங்கவி உழவையும் மரம் வளர்ப்பையும் கால்நடையையும் தேனீயையும் பற்றி நான்கு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார், கி.மு. 29 அளவில் முடித்தார் என்பர். அவரும் கலப்பையின் உறுப்புக்களைச் சொல்லியிருக்கிறார். நுகத்தாணிக்குத் தனிச் செய்யுள் வைத்த பெருமை நமக்கே இருக்கட்டும்.

எனினும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. எருதின் கழுத்துக் கறையைப் பாடியவர், மேழி பிடித்த உள்ளங்கையின் காய்ப்பைப் பாடினாரா? நூலில் புகழ்பெறுவது நிலமுடைய வேளாளர் குடி. அவர் நிலத்தில் இறங்கி உழுத கூலியாள் எழுபதிலும் மறைந்தே நிற்கிறார்.

அவர் முழு உருவத்தோடு வெளியே வருவது பள்ளு நூல்களில். அவற்றுள் தலைசிறந்த முக்கூடற் பள்ளு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பர். பாடியவர் பெயர் உறுதியாகத் தெரியவில்லை. பொருநையும் சிற்றாறும் கூடும் இடத்து ஊர் முக்கூடல். மழைக்குறி, வெள்ளம், நெல் வகை, மாட்டு வகை, ஏர் வகை எல்லாம் அந்நூலில் வரிசை வரிசையாக வருகின்றன. பழைய விதை நெல்லின் பெயர் தேடுகிறவர்க்கு அது ஒரு களஞ்சியம். கதையோ வேடிக்கையானது. பள்ளனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடற்காரி, இளையவள் மருதூர்க்காரி. இளையவள் மயக்கத்தில் பண்ணை வேலையை மறந்தான் என்று மூத்தவள் பண்ணைக்காரரிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரர் அவனைத் தொழுவில் மாட்டிவிடுகிறார். பின்னர் அவளே போய் மன்றாடி விடுவிக்கிறாள். விடுபட்டதும் விதைக் கணக்கும் மாட்டுக் கணக்கும் ஒப்பிக்க வேண்டும். உழும்போது காளை முட்டிச் சாய்க்கிறது. தெளிந்து எழுந்து மறுபடியும் உழுகிறான். விளைந்த பின் நெற்கணக்கில் மூத்தவளுக்குப் பங்கு வரவில்லை என்று சண்டை.

இதனைப் படிக்கிறவர் சிரிக்கிறார்; சிரிக்கத்தான் பாடினார்கள். ஆனால் சிரிப்பை ஒதுக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துப் பாருங்கள். வேலைக்கு வராத ஆளைக் காலில் கட்டை மாட்டி வைக்க ஒருவருக்கு உரிமை இருந்தது. அதனை ஊரும் பாட்டும் இயல்பு என்று எடுத்துக்கொண்டன. எந்தச் சாசனத்தை விடவும் பண்ணை அடிமையின் நிலையைத் தெளிவாகக் காட்டும் ஆவணம் இவ்வேடிக்கை நூல். பாடியவர் அதைக் காட்ட எண்ணியிருக்கமாட்டார்.

கூலியாளே கவிஞராக வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. தஞ்சைச் சீமையின் உழவர் இயக்கத்திலிருந்து வந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) இருபத்தொன்பதாம் வயதிலேயே மறைந்தார். அதற்குள் வயலில் நிற்பவர் கேள்வியைத் திரைப்படத்தின் வழியே பட்டிதொட்டியெங்கும் கேட்கச் செய்துவிட்டார். அவரைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. நம் பக்கத்துக்கு வருவோம்.

நடுநாடு என்று இப்பகுதிக்குப் பெயர். சோணாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் நடுவே கிடப்பதால் வந்த பெயர். இலக்கியத்திலும் நெடுங்காலம் நடுவிலேயே கிடந்து கண்ணிற்படாமற் போயிற்று. 1988இல் த. பழமலய் எழுதிய 'சனங்களின் கதை' வந்தது. அவர் பிறந்த ஊர் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் குழுமூர். பெயரோ பழமலைநாதர் பெயர். தாய், தந்தை, உறவினர், ஊரிற் செத்தவர், கடன்பட்டவர் என்று தம் சனங்களை ஒவ்வொருவராக அவரவர் பேச்சிலேயே கவிதையிற் கொண்டுவந்து நிறுத்தினார். புன்செய்க் குடியானவரின் அன்றாடம் கவிதைக்குப் பொருளாகுமோ என்று கேட்டவர்களும் உண்டு. ஆகும் என்பதற்கு அந்நூலே விடையாயிற்று.

அவருக்குப் பின் விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையிலிருந்து கண்மணி குணசேகரன் வந்தார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை செய்துகொண்டே எழுதியவர். 'தலைமுறைக் கோபம்', 'காட்டின் பாடல்' முதலிய கவிதைகளும், 'அஞ்சலை', 'கோரை' முதலிய நாவல்களும் அவருடையவை. இங்கே காடு என்றால் புலியும் யானையும் திரியும் காடு அன்று, முந்திரிக் காடு. சருகு கூட்டுவதும், கொட்டை பொறுக்குவதும், பழத்தைத் திருகி எறிவதும், கொட்டைப் பால் பட்டு விரல் வெந்துபோவதும் அக்காட்டின் வாழ்வு. இவையெல்லாம் ஐந்திணையில் எத்திணையின்பாற் படும் என்று இலக்கண ஆசிரியர்கள் தீர்மானிக்கட்டும். நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலத்தையும் ஊரையும் விட்டுப் பெயர்ந்தவர் கதையை 'வந்தாரங்குடி'யில் எழுதினார். நிறுவனம் 1956இல் தொடங்கியது. மின்சாரம் வந்தது, வேலை வந்தது. பெயர்ந்தவர்க்கு ஊர் மட்டும் திரும்ப வரவில்லை.

இவற்றையெல்லாம் விட நம் வாசகர்க்குப் பயன்படுவது அவர் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்போம். கவிஞர் ஒருவர் அகராதி தொகுக்க வேண்டிய அவசியம் என்ன? சொல் தனியே சாவதில்லை; வேலையோடு சாகிறது. கமலை போனால் சால், வடம், தோண்டி, வாரிப் பாதை என்று பத்துச் சொற்கள் கூடவே போகும். மாட்டு ஏர் போய் டிராக்டர் வந்ததும் 'ஏர் எழுபது' பாடிய நுகத்தாணியும் பூட்டுக்கயிறும் பிள்ளைகளுக்கு உரையில்லாமல் விளங்காத சொற்களாயின. இதற்காக மாட்டு ஏருக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குனிந்து நட்ட முதுகுவலியை அனுபவித்தவர் எவரும் நடவு இயந்திரத்தைப் பழிக்க மாட்டார். வேலை போகட்டும், அதைச் செய்தவர் அறிந்திருந்ததும் சேர்ந்து போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது இம்மாவட்டத்து முந்திரியும் பலாவும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்ட மரங்கள் அவை. ஒவ்வொரு மரத்துக்கும் வீட்டார் ஒரு பெயர் வைத்து, அடையாளம் சொல்லி, காய்ப்பின் குணம் தெரிந்து வைத்திருந்தனர். இழப்பீட்டுக் கணக்கில் மரத்தின் எண்ணிக்கை வந்தது. பெயர் வருவதற்கு அதில் கட்டம் இல்லை. இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுக் கன்றுகள் பின்னர் பல கொல்லைகளில் நடப்பட்டன. அவை நன்றாகக் காய்க்கின்றன. அவற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று ஒரு குடியானவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

விற்பனைக் கூடத்து மூதாட்டியை மறுநாளும் பார்த்தோம். இம்முறை பாட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து ஒரு முறத்தை வாங்கிப் புடைக்க முயன்றோம். நமக்கு அது வரவில்லை. தூசு நம் முகத்திலேயே வந்து விழுந்தது. அவர் சிரித்தார். முறத்தை எப்படிச் சாய்ப்பது என்று காட்டத் தொடங்கியவர், கை ஓடிய தாளத்தில் மெல்ல இரண்டடி முணுமுணுத்தார். எழுதுகோலை எடுத்தோம், பாட்டு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எழுதுகோலைக் கொண்டு போகவில்லை. அன்று பதினோரடி பாடினார். திரும்பி வரும் வழியில் இரயிலடியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதில் ஒன்பதடிதான் தேறியது.

நம் அங்கத்தினர்களில் நடவுக்குப் போன தாய்மாரும், ஏற்றம் மிதித்த பெரியவர்களும், பாவு ஓட்டிய பாட்டிமாரும், சக்கரம் சுற்றியவர்களும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டவற்றை எழுதி, எந்த வேலையின்போது பாடியது, எத்தனை பேர் சேர்ந்து பாடியது, அதில் வரும் கருவியின் பெயருக்குப் பொருள் என்ன என்ற மூன்றையும் குறித்து, சங்க அலுவலகத்திற் கொடுத்தால் வரும் இதழ்களிலிருந்து பக்கத்துக்கொன்றாக வெளியிடுவோம். பாடியவர் விரும்பினால் அவர் பெயரும் பாட்டின் கீழ் அச்சாகும்.